அம்மாவுடன் பாரிஸிலிருந்து ஒரு நாள் பயணம்: வெர்சாய், ஜிவெர்னி, ஷார்த்ர், மோன் சான் மிஷேல் – எது சரிப்படும்?

சென்னையிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ அம்மா வந்திருக்கிறார். ஈஃபிள் கோபுரம் பார்த்தாயிற்று, சேன் நதியில் படகு ஏறியாயிற்று, லா ஷப்பேல் கடைத்தெருவில் முருங்கைக்காயும் வாங்கியாயிற்று. இனி ஒரு நாள் லீவு போட்டு, பாரிஸுக்கு வெளியே எங்கேயாவது கூட்டிப் போக வேண்டும். எங்கே போவது? இங்கே வேலை பார்க்கும் நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். கேட்கிறவர்கள் பெரும்பாலும் நான்கு பெயர்களைச் சொல்லிவிட்டு அதற்கு மேல் முடிவெடுக்க முடியாமல் நிற்கிறார்கள்: வெர்சாய் அரண்மனை, ஓவியர் மோனேயின் ஜிவெர்னி தோட்டம், ஷார்த்ர் பேராலயம், கடலுக்குள் நிற்கும் மோன் சான் மிஷேல்.

நான்குமே பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் அம்மாவுடன் போகும்போது இடத்தின் பெயரை விட அம்மாவின் முழங்காலையும் காலண்டரில் இருக்கும் மாதத்தையும் பார்த்து முடிவெடுப்பதுதான் சரி என்பது என் கருத்து.

## எதையெல்லாம் பார்க்க வேண்டும்

நடையும் படியும். எத்தனை கிலோமீட்டர் என்பதோடு, தரை எப்படி, உட்கார இடம் எங்கே என்பதையும் விசாரிக்க வேண்டும். பிரான்ஸின் பழைய ஊர்களில் பெரும்பாலும் கருங்கல் பாவிய தரைதான். செருப்புப் போட்டுப் பழகிய காலுக்கு அது சமதளத்தில் நடப்பதை விட இரண்டு மடங்கு வேலை. அதோடு, நம் அம்மாக்கள் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "எனக்கு ஒண்ணும் இல்ல, நீ போய்ப் பாத்துட்டு வா, நான் இங்கயே உக்காந்திருக்கேன்" என்று வந்தால், வலி எப்போதோ எல்லை தாண்டிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதியில் திரும்ப முடியுமா? அதிகம் பேர் யோசிக்காத விஷயம் இது, நான் முதலில் பார்ப்பது இதைத்தான். மதியம் ஒரு மணிக்கே களைத்துவிட்டால் அடுத்த ரயிலைப் பிடித்து வீட்டுக்கு வர வழி இருக்கிறதா, இல்லை இரவு வரை மாட்டிக்கொள்ள வேண்டுமா? வழி இருந்தால் அம்மாவும் தாராளமாகக் களைப்பைச் சொல்வார். டூர் பஸ்ஸில் ஏறிவிட்டால், சொல்லி என்ன ஆகப் போகிறது என்று வாயை மூடிக்கொள்வார்.

கழிப்பறை. பாரிஸையும் புறநகரையும் இணைக்கும் ஆர்.இ.ஆர். ரயில்களில் கழிப்பறை கிடையாது. வெர்னோன் (ஜிவெர்னிக்கு இறங்கும் நிலையம்), ஷார்த்ர் போகும் வட்டார ரயில்களில் உண்டு. பெரிய நிலையங்களில் காசு கொடுத்துப் போக வேண்டும். சில்லறையோ வங்கி அட்டையோ அம்மாவின் கைப்பையில் தனியாக இருக்கட்டும். வழியில் போக வேண்டியிருக்குமே என்று பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். வெயில் நாளில் அது ஆபத்து.

சாப்பாடு. சைவம் என்றால் கொஞ்சம் திட்டமிட வேண்டும். சாலட் என்று வாங்கினால் அதன் மேல் பன்றி இறைச்சித் துண்டோ டூனா மீனோ தூவியிருக்கும். கிரேப் என்கிற மெல்லிய பிரெஞ்சுத் தோசையின் மாவில் பெரும்பாலும் முட்டை சேர்த்திருக்கும். முதல் நாள் மாலையே லா ஷப்பேலில் இட்லி பார்சல் வாங்கிக்கொள்வதோ வீட்டில் புளியோதரை கிளறிக் கட்டிக்கொள்வதோ நிம்மதி.

பணம். டிக்கெட் விலை மட்டும் செலவு அல்ல. நிலையத்திலிருந்து போகும் பஸ், தோட்டத்துக்குள் ஓடும் குட்டி ரயில், மூன்று காபி என்று சேர்ந்துவிடும். அம்மா ஒவ்வொரு யூரோவையும் நூறால் பெருக்கிப் பார்ப்பார். டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிட்டால், கவுன்ட்டர் முன்னால் நின்று "இவ்வளவா, வேண்டாம்பா" என்று சொல்லும் நிலைமை வராது.

## ஒரே பார்வையில்

| | வெர்சாய் | ஜிவெர்னி | ஷார்த்ர் | மோன் சான் மிஷேல் |
|---|---|---|---|---|
| பாரிஸிலிருந்து | புறநகர் ரயில், ஒரு மணி நேரத்துக்குள் | ரயில் 50 நிமிடம் + பஸ் | ரயில், சுமார் ஒன்றேகால் மணி | ஒரு வழிக்கே 4 மணி அல்லது அதற்கு மேல் |
| முழங்காலுக்கு | அரண்மனை கஷ்டம், தோட்டத்தில் வண்டி உண்டு | சுலபம் | சுலபம், ஆற்றங்கரைக்கு இறங்காவிட்டால் | மிகக் கடினம் |
| பாதியில் திரும்ப | எப்போதும் முடியும் | பஸ் நேரம் பார்க்க வேண்டும் | முடியும் | முடியாது |
| காலம் | ஆண்டு முழுதும், திங்கள் விடுமுறை | ஏப்ரல் 1 – நவம்பர் 1 | ஆண்டு முழுதும் | மே, ஜூன், செப்டம்பர் நல்லது |
| நுழைவுக் கட்டணம் | அதிகம் | நடுத்தரம் | பேராலயத்துக்கு இல்லை | மடத்துக்கு மட்டும் |

## வெர்சாய்

ஊரில் போய்ச் சொன்னால் எல்லோருக்கும் தெரிந்த பெயர். பள்ளிக்கூடத்தில் வரலாறு படித்த அம்மாவுக்கு, முதல் உலகப் போரை முடித்த 1919 உடன்படிக்கை இங்கேதான் கையெழுத்தானது என்று சொன்னால் முகம் மலரும். அது கையெழுத்தான கண்ணாடி மண்டபம் 73 மீட்டர் நீளம், 357 கண்ணாடிகள். மன்னர் பதினான்காம் லூயி 1682-ல் அரசவையை இங்கே கொண்டுவந்தார். நூறு ஆண்டு கழித்து 1789-ல் மக்கள் திரண்டு வந்து அரச குடும்பத்தைப் பாரிஸுக்கு இழுத்துப் போனார்கள்.

போக்குவரத்தும் சுலபம். 2025 ஜனவரி முதல் பாரிஸ் வட்டாரம் முழுக்க ரயிலுக்கு ஒரே விலை டிக்கெட் ஆகிவிட்டதால், முன்பு போல் வெர்சாய்க்குத் தனி விலை இல்லை. டிக்கெட்டை ஏற்றிக்கொள்ளும் நவிகோ ஈஸி அட்டை ஆளுக்கு ஒன்று வேண்டும், ஒரே அட்டையில் இருவர் போக முடியாது. வெர்சாய் போகும் ஆர்.இ.ஆர். சி தடம் கோடையில் பராமரிப்புக்காகப் பாரிஸுக்குள் வாரக்கணக்கில் மூடப்படுவது வழக்கம். அப்போது சான் லசார் அல்லது மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து போகலாம். அங்கிருந்து வருகிற ரயில்கள் வேறு நிலையங்களில் இறக்கிவிடும், அரண்மனைக்குக் கொஞ்சம் கூடுதலாக நடக்க வேண்டியிருக்கும்.

கஷ்டம் அரண்மனை வாசலில் தொடங்குகிறது. முன்முற்றம் முழுக்க மேடுபள்ளமான கருங்கல். பாதுகாப்புச் சோதனை வரிசை வெட்டவெளியில், நிழல் இல்லை. உள்ளே போனால் அறைக்குப் பின் அறையாக ஒரே திசையில் கூட்டம் நகரும். உட்கார இடம் மிகக் குறைவு. கண்ணாடி மண்டபத்துக்கு வருவதற்குள்ளேயே அம்மா சுவரோரம் சாய இடம் தேட ஆரம்பித்திருப்பார். செவ்வாய்க்கிழமை பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் மூடியிருப்பதால் அந்தக் கூட்டமும் இங்கே வந்து சேரும். புதன், வியாழன் பரவாயில்லை. நடக்க முடியாதவர்களுக்கு லிஃப்ட் உண்டு, வாசலில் கேட்கத் தயங்க வேண்டாம்.

மறைமுகச் செலவு இங்கேதான் அதிகம். 2026 ஜனவரி முதல் ஐரோப்பியப் பொருளாதார மண்டலத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்கு நுழைவுக் கட்டணம் கூடுதல். அதாவது உங்களுக்கு ஒரு விலை, அம்மாவுக்கு ஒரு விலை. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை இசையோடு நீரூற்று ஓடும் நாட்களிலும் தோட்டத்தில் இசை மட்டும் ஒலிக்கும் நாட்களிலும் தோட்டத்துக்கும் தனிக் கட்டணம் உண்டு. குட்டி ரயில் தனி. மின்சார வண்டியை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டலாம், ஓட்டுநர் உரிமம் வேண்டும். மணிக்கு 40 யூரோவுக்கு மேல் ஆகும். ஆனால் முழங்கால் வலி உள்ள அம்மாவுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் அன்றைய நாளின் சிறப்பு.

என்னைக் கேட்டால் அரண்மனையை விட்டுவிடுங்கள் என்றுகூடச் சொல்வேன். நீரூற்றும் இசையும் இல்லாத நாளில் தோட்டம் இலவசம். குட்டி ரயிலில் ட்ரியானோன் என்கிற சிறிய அரண்மனைகள் பக்கம் போய், அரசி மரி அந்துவானெத் 1780-களில் கட்டுவித்த கிராமத்தைப் பாருங்கள். ஓலைக்கூரை வீடுகள், காய்கறிப் பாத்திகள், ஆடு, கோழி எல்லாம் இருக்கும். கிராமத்தில் வளர்ந்த அம்மா தங்க முலாம் பூசிய கதவை விட இங்கே அதிக நேரம் நிற்பார். அதற்கு ட்ரியானோன் டிக்கெட் வேண்டும், மதியம் 12 மணிக்குத்தான் திறப்பார்கள்.

அரண்மனைதான் பார்க்க வேண்டும், ஆனால் கூட்டம் ஆகாது என்றால் ஃபோந்தென்புளோ போகலாம். காரெ து லியோன் நிலையத்திலிருந்து சுமார் 40 நிமிடம், பிறகு பஸ். அதே ஒரே விலை டிக்கெட். 1814-ல் பதவி துறந்த நெப்போலியன் தன் காவற்படையிடம் விடைபெற்ற குதிரைலாடப் படிக்கட்டு அங்கே இருக்கிறது. அறைகளில் மூச்சுவிட இடம் கிடைக்கும். செவ்வாய் விடுமுறை.

வெர்சாய் யாருக்கு: பெயர் பெற்ற இடத்தைப் பார்த்தேன் என்ற நிறைவு வேண்டும் என்கிற, இரண்டு மணி நேரம் நிற்கத் தெம்புள்ள அம்மாவுக்கு.

## ஜிவெர்னி

ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் நடுவில் அம்மா வந்திருந்தால் என் முதல் தேர்வு இதுதான்.

சான் லசாரிலிருந்து வெர்னோன்-ஜிவெர்னி நிலையத்துக்கு ரயில், இறங்கியதும் வாசலில் பஸ், ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் தோட்டம். க்ளோத் மோனே 1883-ல் இந்த ஊருக்குக் குடிவந்து 1926-ல் இறக்கும் வரை இங்கேயே இருந்தார். செடி வைப்பதையும் ஓவியம் வரைவதையும் சரிசமமாகச் செய்தவர். 1893-ல் சாலைக்கு அந்தப் பக்கம் நிலம் வாங்கி அல்லிக் குளம் வெட்டப் போனபோது, வெளிநாட்டுச் செடிகள் ஆற்றுத் தண்ணீரைக் கெடுத்துவிடும் என்று ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். இன்றைக்கு அந்தக் குளத்தைப் பார்க்கத்தான் உலகமே வருகிறது.

தோட்டம் சிறியது, சமதளம், பெஞ்சுகள் உண்டு. இரண்டு தோட்டங்களுக்கும் நடுவே சாலைக்கு அடியில் ஒரு சுரங்கப் பாதை. சில படிகள் மட்டும் இறங்கி ஏற வேண்டும். வீட்டு மாடிக்குப் போகும் படிக்கட்டு குறுகலானது. அம்மாவுக்குக் கஷ்டம் என்றால் கீழ்த்தளம் போதும், ஏனென்றால் அங்கேதான் அடுப்படி இருக்கிறது. நீலப் பூ வேலைப்பாட்டு ஓடுகள் பதித்த சுவர். அதில் பெரியது முதல் சிறியது வரை வரிசையாகத் தொங்கும் செப்புப் பாத்திரங்கள். நான் கூட்டிப் போன அம்மாக்கள் எல்லோரும் இந்த அடுப்படியில்தான் நின்றுவிடுவார்கள். "இதையெல்லாம் புளி போட்டுத்தான் தேய்ப்பாங்களோ" என்று கேட்ட என் அம்மா, அதற்குப் பிறகு அந்த வீட்டில் எத்தனை பேருக்குச் சமைத்திருப்பார்கள், யார் சமைத்திருப்பார்கள் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். வெளியே ஒரு கோழிப்பட்டியும் உண்டு.

அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை ஆகியிருந்தால் இன்னொரு விஷயம் சொல்லுங்கள். மோனேக்கும் கண்புரை வந்தது, 1923-ல் அறுவை செய்துகொண்டார். புரை முற்றிய காலத்தில் வரைந்த ஜப்பானியப் பாலம் செந்நிறமும் பழுப்புமாகக் கலங்கித் தெரியும். பச்சையாக இருக்கும் அதே பாலத்தின் மேல் நின்றுகொண்டு அதைச் சொன்னால், ஓவியம் பற்றி எதுவும் படிக்காத அம்மாவுக்கும் சட்டென்று புரியும். தன் கண் எப்படித் தெரிந்தது என்று அவரும் சொல்ல ஆரம்பிப்பார். நாள் இன்னொன்று கிடைத்தால் பாரிஸின் ஒராஞ்செரி அருங்காட்சியகத்தில் அல்லி ஓவியங்களைப் பார்க்கலாம். இரண்டு நீள்வட்ட அறைகள், நடுவில் உட்கார இருக்கை. செவ்வாய் விடுமுறை.

எந்த மாதம் என்ன பூ என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. ஏப்ரலில் துலிப், மே மாதம் பாலத்தின் மேல் படரும் ஊதாக் கொடி, ஜூன் கடைசியிலிருந்து அல்லி. அல்லி பார்க்கத்தான் போகிறோம் என்று ஏப்ரலில் போனால் வெறும் இலைதான் மிதக்கும்.

குறைகளும் உண்டு. வெர்னோன் பாரிஸ் வட்டாரத்துக்கு வெளியே நார்மண்டியில் இருப்பதால் ஒரே விலை டிக்கெட் செல்லாது, நவிகோ மாதாந்திர அட்டையும் செல்லாது. பஸ் போக வர ஆளுக்குச் சுமார் 10 யூரோ. பஸ் ரயில் நேரத்தை ஒட்டித்தான் ஓடும், ஒன்றைத் தவறவிட்டால் நீண்ட நேரம் காத்திருக்க வேண்டும். குளத்தைச் சுற்றிய பாதை குறுகல், பதினொரு மணிக்கு மேல் தோளோடு தோள் உரசும் கூட்டம். காலை 9:30-க்குத் திறக்கும்போதே நின்றுவிடுங்கள், முதலில் குளத்துக்குப் போங்கள், வீட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தோட்டத்துக்குள் கட்டுச்சோறு பிரிக்க அனுமதி இல்லை. கனமழை என்றால் ஒதுங்க வீட்டைத் தவிர இடமில்லை, அன்றைக்கு ஷார்த்ர் போவது மேல்.

ஜிவெர்னி யாருக்கு: மொட்டை மாடியில் தொட்டி வைத்துச் செம்பருத்தி வளர்க்கும் அம்மாவுக்கு. காலையிலேயே போய்விட முடிந்தால், கூட்டத்திலும் வரிசையிலும் நிற்க முடியாதவருக்கும். வெர்சாய் மூடியிருக்கும் திங்களன்றுதான் லீவு கிடைத்தது என்கிறவர்களுக்கு.

## ஷார்த்ர்

மழைக்கும் குளிர்காலத்துக்கும் ஏற்றது. மோன்பர்னாஸில் ரயில் ஏறினால், ஊர் நெருங்கும்போதே கோதுமை வயல்களுக்கு மேலே இரண்டு கூம்புக் கோபுரங்கள் தெரியும். ஒன்று எளிமையாக, மற்றது நுண்வேலைப்பாட்டோடு, உயரமும் வேறு வேறு. நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை, லேசான ஏற்றம்.

1194-ல் பழைய கோயில் தீப்பிடித்தது. மரியன்னையின் ஆடை என்று மக்கள் போற்றும் துணி மட்டும் தப்பியது. அதை வைத்தே ஊர் முழுக்கச் சேர்ந்து புதிய பேராலயத்தை எழுப்பியது. அந்தத் துணி இன்றும் உள்ளே இருக்கிறது. வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு போகிற அம்மாவுக்கு, எந்த மதத்தவராக இருந்தாலும், இதற்கு விளக்கம் தேவைப்படாது.

இங்கே பார்க்க வேண்டியவை வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். 170-க்கும் மேல், பெரும்பாலும் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இரண்டாம் உலகப் போர் தொடங்கும் நேரத்தில் அவற்றைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, போர் முடிந்த பிறகு திரும்பப் பொருத்தினார்கள். வெளிச்சத்திலிருந்து உள்ளே நுழைந்ததும் இருட்டாகத்தான் இருக்கும். நடுவில் போட்டிருக்கும் நாற்காலியில் அம்மாவை ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள், கண் பழகியதும் நீலம் மெல்ல எழுந்து வரும். ஜன்னல்களின் அடிப்பகுதியைக் கவனியுங்கள். ரொட்டி சுடுகிறவர், செருப்புத் தைக்கிறவர், கம்பளித்தோல் விற்பவர், தச்சர் எல்லோரும் தத்தம் வேலையைச் செய்துகொண்டிருப்பார்கள். சின்ன பைனாகுலர் ஒன்று கொண்டுபோனால் அம்மாவே ஒவ்வொன்றாகக் கண்டுபிடிப்பார், நீங்கள் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

தரையில் சுமார் 13 மீட்டர் அகலத்தில் ஒரு வட்டச் சுழல்பாதை பதித்திருக்கிறது. மற்ற நாட்களில் அதன் மேல் நாற்காலிகள் கிடக்கும். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முதல் நவம்பர் 1 வரை வெள்ளிக்கிழமைகளில் எடுத்துவிடுவார்கள், யார் வேண்டுமானாலும் நடக்கலாம். சுமார் 260 மீட்டர், சமதளம். கோயில் பிரகாரம் சுற்றிப் பழகிய அம்மா, யாரும் சொல்லாமலே கையைக் கூப்பிக்கொண்டு நடப்பார்.

செலவு என்று பார்த்தால் ரயில் டிக்கெட்தான். இதற்கும் ஒரே விலை டிக்கெட் செல்லாது, தனியாக எடுக்க வேண்டும். பேராலயம் இலவசம், நிலத்தடி அறைக்கும் கோபுரத்துக்கும் மட்டும் கட்டணம். கோபுரம் ஏற வேண்டாம். ஆற்றங்கரைக்கு இறங்கும் சந்துகள் அழகு, ஆனால் செங்குத்து, இறங்கிவிட்டால் ஏற வேண்டும். சனிக்கிழமை காலை போனால் பியார் சதுக்கத்தில் கூரையடியில் காய்கறிச் சந்தை கூடியிருக்கும், அதில் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. ஜூலையிலும் கோயிலுக்குள் குளிரும், சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே குறை என்று சொன்னால், பேராலயத்தைத் தவிர அம்மாவை ஈர்க்க அதிகம் இல்லை. மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். மதியத்துக்குள் வீடு திரும்பினால் போதும் என்கிறவர்களுக்கு அதுவே சௌகரியம்.

## மோன் சான் மிஷேல்

படத்தில் பார்த்த எல்லோரும் கேட்பது இதைத்தான். மணற்பரப்பின் நடுவே குன்று, குன்றின் மேல் மடம், உச்சியில் வான்தூதர் மிக்கேல். 708-ல் ஆயர் ஒபேர் முதல் கோயிலை எழுப்பினார் என்பது மரபு, இன்றைய மடத்துக் கோயிலைக் கட்டத் தொடங்கியது 1023-ல். ஐரோப்பாவின் மிகப் பெரிய கடல் ஏற்ற இறக்கம் காணும் இடங்களில் இது ஒன்று.

ஆனால் ஒரே நாளில், அம்மாவோடு, வேண்டாம்.

பாரிஸிலிருந்து சுமார் 360 கிலோமீட்டர். அதிவேக ரயிலில் ரென் நகரம் வரை போய், அங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல். டூர் பஸ் என்றால் விடியற்காலை கிளம்பி இரவு திரும்புவது, பாதி நாள் சீட்டிலேயே போய்விடும். கார் நிறுத்துமிடம் குன்றிலிருந்து இரண்டரை கிலோமீட்டர் தூரத்தில். இலவச பஸ் உண்டு, ஆனால் அதுவும் வாசலுக்குச் சில நூறு மீட்டர் முன்பே இறக்கிவிடும், கடல் காற்றில் நடக்க வேண்டும். பிறகு செங்குத்தான ஒற்றைத் தெரு, மடத்துக்கு ஏற 350 படிகள். பழனிப் படி ஏறுகிற அம்மாக்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. நான்கு மணி நேரம் பஸ்ஸில் கால் மடக்கி உட்கார்ந்து வந்த பிறகு ஏறுவது வேறு.

இன்னொரு ஏமாற்றமும் காத்திருக்கும். குன்றைச் சுற்றித் தண்ணீர் எல்லா நாளும் சூழாது. பெரிய ஏற்றம் வரும் சில நாட்களில், சில மணி நேரம் மட்டும்தான். கடல் ஏற்ற அட்டவணை பார்க்காமல் போனால் சேறும் மணலும்தான் தெரியும்.

ஒரு இரவு தங்க முடிந்தால் கணக்கே மாறிவிடும். மாலை ஐந்து மணிக்கு மேல் டூர் பஸ்கள் கிளம்பிவிடும், தெரு காலியாகும், அம்மா தன் வேகத்தில் பத்துப் படி ஏறி, நின்று, மறுபடி ஏறலாம். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஏற முடியாவிட்டாலும் அக்கரையிலிருந்து விளக்கேற்றிய குன்றைப் பார்த்தாலே வந்ததற்குப் போதும். அறைச் செலவையும் சேர்த்துத்தான் இதை மற்ற மூன்றோடு ஒப்பிட வேண்டும்.

## அப்படியானால் எது?

ஏப்ரல் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை, மழை இல்லாத நாள் என்றால் ஜிவெர்னி. மற்ற மாதங்களிலும் மழை நாளிலும் ஷார்த்ர். அம்மாவே வாய்விட்டு அரண்மனை பார்க்கணும் என்று சொன்னால் புதன் அல்லது வியாழன் காலை முதல் நேரத்துக்கு வெர்சாய், கண்ணாடி மண்டபம் முடிந்ததும் நேராகக் குட்டி ரயில். மோன் சான் மிஷேலுக்கு இரண்டு நாள் லீவு போடுங்கள், இல்லையென்றால் அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவும் கூட வருகிறார், குழந்தைகளும் வருகிறார்கள் என்றால் வெர்சாய் தோட்டம்தான் எல்லோருக்கும் பொது. புல்வெளியில் ஓட இடம் உண்டு, அரண்மனைக்குத் தெற்கே உள்ள சுவிஸ் ஏரிக்கரையில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரிக்கலாம்.

எங்கே போவதானாலும் டிக்கெட்டை அம்மாவிடம் கேட்ட பிறகு எடுங்கள். "உனக்கு எங்க வசதியோ அங்க போலாம்" என்றுதான் முதலில் சொல்வார். அதை விடையாக எடுத்துக்கொள்ளாமல், போனில் நான்கு இடங்களின் படத்தையும் காட்டுங்கள். எந்தப் படத்தில் விரல் நிற்கிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம் ரயில் நேரம் தேடுங்கள்.